அப்டேட்டுக்குப் பிறகு லாகின் திரையைத் தாண்டாத லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின்: சரிசெய்யும் வழி

ராத்திரி அப்டேட் ஓடியது. காலையில் திறந்தால் உபுண்டு உள்ளே விட மறுக்கிறது. பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்டியதும் திரை ஒரு நொடி கறுக்கிறது, மறுபடி அதே லாகின் திரை வந்து நிற்கிறது. சிலருக்கு லாகின் திரையே வராது, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கும். இன்னும் சிலருக்கு, சோக முகம் போட்ட கம்ப்யூட்டர் படமும் ஏதோ கோளாறு என்ற ஒரு வரியும் வரும்.

நாகர்கோவிலிலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் படிக்கிற பிள்ளைகள் பலர் விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் நிரல்) போட்டு, அதற்குள் உபுண்டு லினக்ஸை வைத்துத்தான் லேப் வேலையும் ப்ராஜெக்ட்டும் செய்கிறார்கள். இந்தக் கோளாறு வந்ததும் முதலில் தோன்றுவது, மெஷினை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்பது. தயவுசெய்து வேண்டாம். 5 ஜிபிக்கு மேல் வரும் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் ஃபைலை மொபைல் டேட்டாவில் மறுபடி இறக்க வேண்டும், அதைவிட உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட் போய்விடும். படம் காட்டும் பகுதி விழுந்திருந்தாலும் அதன் அடியில் லினக்ஸ் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். எங்கே விழுந்தது என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது நாலைந்து வரிக் கட்டளை.

கட்டளைகளை ஃபோனில் ஒருவருக்கு வாசித்துக் கொடுப்பதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறோம். புள்ளி, நடுக்கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாம் இங்கே உள்ளபடியே வர வேண்டும். ‘டிஎஃப்’, ‘எல்எஸ்’, ‘எம்வி’ போன்றவற்றை எழுத்தெழுத்தாக அடியுங்கள். பயனர்பெயர் ‘குமரி’ என்று வைத்துக்கொள்கிறோம், அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

தொடுவதற்கு முன்

மெஷினை பவர் ஆஃப் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். கெட்டுப்போன நிலையையா சேமிப்பது என்று நினைக்க வேண்டாம். சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்துவிட்டால், இந்த நிலைக்காவது திரும்பி வரலாம். சில நொடி வேலைதான்.

அடுத்து விண்டோஸின் சி டிரைவைப் பாருங்கள். விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல் பயன்பாட்டுக்கேற்ப வளர்ந்துகொண்டே போகும். வெளியே இடம் தீர்ந்தால் உள்ளே எழுத முடியாமல் விர்ச்சுவல்பாக்ஸ் மெஷினை நிறுத்தி வைத்துவிடும். அப்டேட் பாதியில் நின்றதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். குறைந்தது 10 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியையும் இப்போதே பார்த்துவிடலாம். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் ‘விஎம்எஸ்விஜிஏ’ என்று இருக்க வேண்டும். ‘விபாக்ஸ்எஸ்விஜிஏ’ என்பது விண்டோஸ் மெஷின்களுக்கு உரியது. வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். 3டி ஆக்சிலரேஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். கறுப்புத் திரை வகைக் கோளாறில் கணிசமானவை இந்த டிக்கை எடுத்ததுமே போய்விடும். புதிதாக வந்த கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) உள்ள கிராஃபிக்ஸ் டிரைவரும் விர்ச்சுவல்பாக்ஸின் 3டி பகுதியும் ஒத்துப்போகாததுதான் காரணம். ரேம் 2 ஜிபி மட்டும் கொடுத்திருந்தால் 4 ஜிபி ஆக்குங்கள். 8 ஜிபி லேப்டாப்பில் அதற்குமேல் கொடுத்தால் விண்டோஸ் திணறும்.

எழுத்துத் திரைக்குப் போவது

மெஷினை ஓடவிட்டு, லாகின் திரையோ கறுப்புத் திரையோ வந்ததும், வலது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே எஃப்3 தட்டுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் அதை உள்ளே கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 என்று அனுப்பும். சில லேப்டாப்பில் எஃப்3-க்கு ‘எஃப்என்’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். வலது கன்ட்ரோலே இல்லாத கீபோர்டு என்றால், விர்ச்சுவல்பாக்ஸின் ப்ரெஃபரன்சஸில் ஹோஸ்ட் கீயை மாற்றிக்கொள்ளலாம். விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் விர்ட்-மேனேஜர் பயன்படுத்துகிறவர்களுக்கு மேலே ‘சென்ட் கீ’ மெனுவிலேயே இது இருக்கிறது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக லாகின் கேட்கும். பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூட வராது, பயப்பட வேண்டாம். உள்ளே விட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது: டிஸ்க் படிக்கிறது, பாஸ்வேர்டு சரி, உங்கள் கணக்கும் இருக்கிறது.

எழுத்துத் திரையும் வரவில்லையா? ரீஸ்டார்ட் செய்து, ஆரம்பத்திலேயே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். ஈஎஃப்ஐ முறையில் போட்ட மெஷின் என்றால் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னல் ஒன்றும், ஒவ்வொன்றுக்கும் ரெக்கவரி மோடும் இருக்கும். முதலில் பழைய கெர்னலைச் சாதாரணமாக ஓடவிட்டுப் பாருங்கள். அதில் எல்லாம் ஒழுங்காக வந்தால், கோளாறு புதுக் கெர்னலிலோ அதற்கான டிரைவரிலோதான், நேரே கெர்னல் பகுதிக்குப் போங்கள். வராவிட்டால் ரெக்கவரி மோடில் ‘ரூட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும், எழுதவும் திறக்க இதை அடியுங்கள்:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

பாஸ்வேர்டு தவறு என்கிறதா?

திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே வருவது வேறு, ‘பாஸ்வேர்டு தவறு’ என்று சொல்வது வேறு. இரண்டாவது வகைக்கு நம்மிடையே ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழ்99 கீபோர்டும் சேர்த்து வைத்திருப்போம். களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் மலையாளமும் சேர்ந்திருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு வரிசை மாறி, லாகின் திரையில் தமிழ் முதலாவதாக வந்து நின்றால், நீங்கள் அடிக்கும் எழுத்து ஒன்று, உள்ளே போவது இன்னொன்று. பாஸ்வேர்டுப் பெட்டியில் வெறும் புள்ளிகள் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. லாகின் திரையில் உங்கள் பெயருக்குக் கீழே ‘நாட் லிஸ்டெட்’ என்பதைச் சொடுக்கினால் பெயர் கேட்கும் பெட்டி வரும். அதில் பாஸ்வேர்டில் உள்ள சில எழுத்துகளை மட்டும் அடித்துப் பாருங்கள். என்ன எழுத்து விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். திரையின் மேல் ஓரத்தில் உள்ள மொழிக் குறியைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

டிஸ்க் நிரம்பியிருந்தால்

எழுத்துத் திரையில் முதல் கட்டளை இதுதான்:

டிஎஃப் -ஹெச்

வலது ஓரத்தில் ‘/’ என்று முடிகிற வரியைப் பாருங்கள். அதில் 100% என்றோ, ‘அவெய்ல்’ பத்தியில் 0 என்றோ இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். விர்ச்சுவல்பாக்ஸ் உபுண்டுவுக்குத் தானாகக் கொடுக்கிற 25 ஜிபி, இரண்டு மூன்று கெர்னல் அப்டேட்டும் ஸ்னாப் பொதிகளும் (பேக்கேஜ்கள்) வந்தால் வேகமாக நிரம்பிவிடும்.

எழுத்துத் திரை விடுகிறது, படத்திரை மட்டும் விடவில்லை, அது எப்படி? டெஸ்க்டாப் தொடங்கும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் சின்னச் சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் சத்தமில்லாமல் செத்துப்போகும், லாகின் திரை மறுபடி வரும். எழுத்துத் திரைக்கு அப்படி எதுவும் எழுதத் தேவையில்லை. தவிர, இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் 5% இடத்தை ரூட்டுக்கு (மெஷினின் தலைமைக் கணக்கு) என்று தனியே ஒதுக்கி வைத்திருப்பார்கள். 25 ஜிபியில் அது ஒன்றேகால் ஜிபி. அதனால்தான் உங்களுக்கு இடம் 0 என்று காட்டும்போதும் சூடோ போட்டு ரூட் அதிகாரத்தில் அடிக்கும் கட்டளைகள் ஓடுகின்றன. அந்த ஒதுக்கீட்டை நம்பித்தான் இப்போது இடம் பிடிக்கப் போகிறோம்:

சூடோ ஆப்ட் கிளீன்
சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம்
சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்

முதலாவது, இறக்கி வைத்த பொதிகளை அழிக்கும். இரண்டாவது, மெஷின் எழுதிவைத்த பழைய லாக்குகளை (பதிவுகளை) குறைக்கும். அதில் ‘எம்’ மட்டும் பெரிய எழுத்து. மூன்றாவது, பழைய கெர்னல்களை எடுக்கும். மூன்றாவதில் ஒய் தட்டுவதற்கு முன் பட்டியலை வரிவரியாக வாசியுங்கள். ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ அல்லது ‘ஜிடிஎம்3’ (லாகின் திரையைக் காட்டும் நிரல்) என்ற பெயர் அதில் இருந்தால் ‘என்’ எழுத்தைத் தட்டி வெளியே வாருங்கள். டெஸ்க்டாப்பையே தூக்கப் பார்க்கிறது என்று அர்த்தம்.

இரண்டு ஜிபி கிடைத்தாலே போதும், ‘சூடோ ரீபூட்’ அடித்து லாகின் செய்து பாருங்கள். நிரந்தரத் தீர்வு டிஸ்க்கைப் பெரிதாக்குவது. விர்ச்சுவல் மீடியா மேனேஜரில் அளவை 40 ஜிபிக்கு இழுக்கலாம், ஆனால் ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அது சரியாக வராது, முதலில் அவற்றை நீக்க வேண்டும். பிறகு உள்ளே பார்ட்டிஷனையும் நீட்ட வேண்டும். ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்துப் பார்ட்டிஷன் எண்ணைப் பாருங்கள். அது 2 என்றால்:

சூடோ க்ரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 2
சூடோ ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2

முதல் வரியில் 2-க்கு முன் இடைவெளி உண்டு, இரண்டாவதில் இல்லை.

கோளாறு உங்களிடமா, மெஷினிடமா?

டிஸ்க்கில் இடம் இருந்தும் விடவில்லை என்றால், இனி குருட்டுத்தனமாக எதையும் மாற்ற வேண்டாம். புதிதாக ஒரு பயனரை உண்டாக்குங்கள்:

சூடோ ஆட்யூசர் சோதனை

‘சோதனை’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். பிறகு வலது கன்ட்ரோல்+எஃப்1 தட்டிப் படத்திரைக்கு வந்து, அந்தப் பெயரில் லாகின் செய்யுங்கள். அது உள்ளே போனால் மெஷினில் குறை இல்லை, உங்கள் ஹோம் ஃபோல்டரில்தான் ஏதோ கெட்டிருக்கிறது. அதுவும் போகவில்லை என்றால் மெஷின் பக்கம். இரண்டே நிமிஷத்தில் பாதிச் சந்தேகங்களை இது அறுத்துவிடும், ஆனாலும் பலர் இதைச் செய்யாமலே மணிக்கணக்கில் டிரைவரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஹோம் ஃபோல்டர் பக்கம்

உங்கள் பெயரில் எழுத்துத் திரையில் நுழைந்து:

எல்எஸ் -எல்ஏ

பட்டியலில் மூன்றாவது, நான்காவது பத்திகளைப் பாருங்கள். எல்லா வரியிலும் ‘குமரி குமரி’ என்றுதான் இருக்க வேண்டும். மேலே இரட்டைப் புள்ளி மட்டும் உள்ள வரி ‘ரூட் ரூட்’ என்று இருப்பது இயல்பு, அதை விட்டுவிடுங்கள். ‘.எக்ஸ்அதாரிட்டி’ அல்லது ‘.ஐசிஇஅதாரிட்டி’ வரியில் ‘ரூட் ரூட்’ என்று இருந்தால் அதுதான் பிடி. டெஸ்க்டாப் தொடங்கும்போது அந்த ஃபைலை உங்கள் பெயரில் திறக்கப் பார்க்கும், உரிமை ரூட்டிடம் இருப்பதால் கதவு திறக்காது. படநிரல் ஒன்றை சூடோ போட்டு ஓடவிட்டதாலோ, அவசரத்தில் ‘சூடோ ஸ்டார்ட்எக்ஸ்’ அடித்ததாலோ இது வரும். கோளாறு வந்த பிறகு இணையத்தில் பார்த்து ‘ஸ்டார்ட்எக்ஸ்’ அடித்து, ஒரு கோளாறை இரண்டாக்கிக்கொள்வதும் உண்டு. சரிசெய்ய:

சூடோ சிஹெச்ஓன் -ஆர் குமரி:குமரி /ஹோம்/குமரி

‘ஆர்’ பெரிய எழுத்து. என்டர் தட்டுவதற்கு முன் அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ‘/’ குறிக்கும் ‘ஹோம்’ என்பதற்கும் நடுவில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால், மொத்த மெஷினின் உரிமையும் உங்கள் பெயருக்கு மாறி, சூடோகூட வேலை செய்யாமல் போய்விடும். ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கூடவே ‘எல்எஸ் -எல்டி /டிஎம்பி’ அடியுங்கள். வரும் வரியின் முதல் பத்தி ‘டி’ ஒலிக்குரிய ஆங்கிலச் சிலுவை எழுத்தில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால்:

சூடோ சிஹெச்மோட் 1777 /டிஎம்பி

உரிமைகள் சரியாக இருந்தும் விடவில்லையா? உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களைச் சந்தேகியுங்கள், முக்கியமாக சோக முகக் கம்ப்யூட்டர் வந்தால். க்னோமின் பதிப்பு மாறும்போது பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஷெல்லையே விழச்செய்யும். அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும், அழிக்க வேண்டாம்:

சிடி .லோக்கல்/ஷேர்/க்னோம்-ஷெல்
எம்வி எக்ஸ்டென்ஷன்ஸ் பழசு

கடைசியாக ‘.ப்ரொஃபைல்’, ‘.பாஷ்ஆர்சி’ ஃபைல்கள். ஜாவாவுக்கோ ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கோ பாத் சேர்க்கிறேன் என்று ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் அது தெரியவரும். பழி அப்டேட் மேல் விழும். ‘சிடி’ என்று மட்டும் அடித்து ஹோம் ஃபோல்டருக்குத் திரும்பி, ‘நானோ .ப்ரொஃபைல்’ என்று திறந்து, நீங்களாகச் சேர்த்த வரிகளின் முன்னால் # குறி போட்டுவிட்டுப் பாருங்கள்.

பாதியில் நின்ற அப்டேட்

மெஷின் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால், முதல் சந்தேகம் கரண்ட் மேல். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் காற்றும் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும். தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த ஒக்கிப் புயலில் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால், பொதிகள் பாதி பிரித்தும் பாதி பிரிக்காமலும் கிடக்கும். பேட்டரி உழைக்காத பழைய லேப்டாப்புக்கும் இதே கதிதான்.

‘லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்’ அடித்து, பெரிய ஜி தட்டிக் கடைசிக்குப் போங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ‘ஸ்டார்ட்-டேட்’ என்று தொடங்கி ‘எண்ட்-டேட்’ என்று முடிகிற ஒரு பத்தி இருக்கும். கடைசிப் பத்தியில் ‘எண்ட்-டேட்’ வரி இல்லை என்றால் அப்டேட் நடுவிலேயே அறுந்திருக்கிறது. க்யூ தட்டி வெளியே வந்து, இந்த வரிசையில்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

லாக் (பூட்டு) கிடைக்கவில்லை என்று மறுத்தால், ‘லாக்-ஃப்ரன்டெண்ட்’ ஃபைலை அழிக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் நடுவில் லாக்கைப் பிடுங்கினால் பொதிக் கணக்கேடே கெடும். பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். கான்ஃபிக் ஃபைலை மாற்றவா வேண்டாமா என்று கேட்டால் ‘என்’ எழுத்தைத் தட்டுங்கள், இருப்பதே இருக்கட்டும்.

அது முடிந்ததும் டெஸ்க்டாப்பின் முக்கியத் துண்டுகளை மேலேயே மறுபடி போட்டுவிடலாம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் ஜிடிஎம்3 க்னோம்-ஷெல் உபுண்டு-செஷன்

லாகின் திரையே வராமல் நேரே எழுத்துத் திரையில் நிற்கும் மெஷினுக்கு இன்னொரு சோதனை: ‘சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்’. பதில் ‘மல்ட்டி-யூசர்.டார்கெட்’ என்று வந்தால் படத்திரை தொடங்கவே சொல்லப்படவில்லை.

சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்

ஜிடிஎம்3, லைட்டிஎம் என்ற லாகின் நிரல்கள் இரண்டும் போட்டிருந்தால் ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3’ அடித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கெர்னலும் கெஸ்ட் அடிஷன்ஸும்

பழைய கெர்னலில் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் இங்கே வாருங்கள். கெஸ்ட் அடிஷன்ஸ் என்பது உபுண்டுவுக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்கள். அவற்றின் மாட்யூல்கள் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகக் கட்டப்பட வேண்டும். கட்டுவதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர்ஸ் வேண்டும். ஹெடர்ஸ் வராமல் கெர்னல் மட்டும் வந்திருந்தால் கட்ட முடியாது. புதுக் கெர்னலில் எழுத்துத் திரைக்குப் போய்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் டிகேஎம்எஸ் லினக்ஸ்-ஹெடர்ஸ்-$(யுநேம் -ஆர்)
சூடோ /எஸ்பின்/ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப்

இரண்டாவது கட்டளை தோற்றால் காரணம் ‘/வார்/லாக்/விபாக்ஸ்ஆட்-செட்டப்.லாக்’ ஃபைலில் இருக்கும். பெரும்பாலும் வெளியே விண்டோஸில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ் பழசாக இருக்கும். அதில் வந்த அடிஷன்ஸுக்குப் புதுக் கெர்னலைத் தெரியாது. முதலில் வெளியே விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்து, பிறகு உள்ளே அடிஷன்ஸைப் போடுங்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வந்தால், உங்கள் அடிஷன்ஸ் உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து வந்தது. அப்போது ‘விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11’ பொதியை மறுபடி போட்டால் போதும். சிடியிலிருந்து ஒன்று, களஞ்சியத்திலிருந்து ஒன்று என்று இரண்டையும் ஒரே மெஷினில் வைத்திருந்தால் ஒன்றை ஒன்று மிதிக்கும், ஏதாவது ஒன்றை நீக்குங்கள்.

உபுண்டு 24.04 வரை உள்ளவர்களுக்கு திரையில் படம் காட்டும் வேலாண்டை நிறுத்தி, பழைய எக்ஸ்ஆர்க்கில் ஓடவிட்டுப் பார்க்கும் வழியும் உண்டு. ‘சூடோ நானோ /இடிசி/ஜிடிஎம்3/கஸ்டம்.கான்ஃப்’ திறந்து, ‘வேலாண்ட்எனேபிள்=ஃபால்ஸ்’ வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துச் சேமித்து ரீபூட் செய்யுங்கள். 25.10-இல் க்னோமின் எக்ஸ்ஆர்க் செஷனையே எடுத்துவிட்டார்கள், அங்கே இது பலிக்காது.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால் மெஷின் சொல்வதையே கேளுங்கள்:

ஜர்னல்சிடிஎல் -பி -யு ஜிடிஎம்

கடைசி இருபது வரியில் ‘பெர்மிஷன் டினைடு’, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ போன்ற சொற்களைத் தேடினால், மேலே சொன்னவற்றில் எதை விட்டுவிட்டீர்கள் என்று தெரியும்.

ஃபைல்களை வெளியே எடுப்பது

மறுநாள் ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும், இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், எழுத்துத் திரையிலிருந்தே ஃபைல்களை விண்டோஸுக்கு எடுத்துவிடலாம். விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் போர்ட் ஃபார்வர்டிங் திறந்து ஒரு வரி சேருங்கள்: ஹோஸ்ட் ஐபி 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 8000, கெஸ்ட் போர்ட் 8000. ஹோஸ்ட் ஐபியை வெறுமையாக விட்டால் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் ஃபோல்டர் தெரியக்கூடும். பிறகு உள்ளே:

டார் -சிஇசட்எஃப் ப்ராஜெக்ட்.டார்.ஜிஇசட் ப்ராஜெக்ட்
பைத்தான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000

‘ப்ராஜெக்ட்’ என்பது உங்கள் ஃபோல்டரின் பெயர். விண்டோஸ் பிரவுசரில் 127.0.0.1:8000 என்று அடித்தால் ஹோம் ஃபோல்டரின் பட்டியல் வரும். அந்த ஃபைலைச் சொடுக்கி இறக்கிக்கொண்டு, விண்டோஸில் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, உள்ளே கன்ட்ரோல்+சி தட்டி சர்வரை நிறுத்துங்கள்.